பால்வாடியா, அரசுப் பள்ளி எல்கேஜியா? போய் அரை மணி நேரம் உட்காருங்கள்

ஏப்ரல் பிறந்தால் ஓசூரில் என் பேச்சுப் பயிற்சி (ஸ்பீச் தெரபி) அறைக்கு வரும் பெற்றோரில் பலர் பயிற்சிக்காக வருவதில்லை. "மேடம், தெருவிலேயே பால்வாடி இருக்கு, கொஞ்சம் தள்ளி கவர்மென்ட் ஸ்கூல்ல எல்கேஜி இருக்கு. எதுல சேர்க்கலாம்?" என்று கேட்கத்தான் வருகிறார்கள்.

போன வருடம் வந்த ஒரு அம்மா சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். வீட்டுப் பக்கத்தில் இருந்த மூன்று இடங்களைப் போனில் படம் பிடித்து வந்திருந்தார். சுவரில் பெயின்ட், தரையில் டைல்ஸ், முற்றத்தில் சறுக்குமரம். எல்லாமே வெளியிலிருந்து எடுத்த படங்கள், ஒன்றில்கூடக் குழந்தைகள் இல்லை. "உள்ளே போய்ப் பார்க்கலையாம்மா?" என்றேன். "விடுவாங்களா மேடம்?" என்றார். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். நமக்குக் கேட்கத்தான் கூச்சம்.

முதலில் ஒரு விஷயம். அரசுப் பள்ளி எல்கேஜி என்று நாம் சொல்வது 2019 ஜனவரியில் தொடங்கியது. நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில்தான் அதைக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் அங்கன்வாடிகளோ 54 ஆயிரத்துக்கும் மேல். அதனால் பல தெருக்களில் 'எது' என்ற கேள்விக்கே இடமில்லை, இருப்பது ஒன்றுதான். இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்களும், பெயர்ப் பலகையை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அந்த அம்மாவுக்காக அந்த மூன்றில் இரண்டு இடங்களுக்கு நானே போனேன். ஒன்றில் புது கட்டடம், சுவர் முழுக்க ஆங்கில எழுத்து. குழந்தைகள் வரிசையாகக் கையைக் கட்டி உட்கார்ந்து, 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று ஒரே குரலில் சொன்னார்கள். நான் இருந்த அரை மணி நேரத்தில் ஒரு குழந்தையும் தானாக ஒரு வாக்கியம் பேசவில்லை. பேச வாய்ப்பே வரவில்லை.

இன்னொன்று பழைய ஓட்டுக் கட்டடம். நான் போனது முட்டை நாள் (வாரத்தில் மூன்று நாள் முட்டை உண்டு). ஆயா ஒரு பையனிடம், "நான் உரிச்சுத் தரட்டுமா, நீயே உரிக்கிறியா?" என்று கேட்டார். அவன் முட்டையைத் தட்டில் தட்டினான், ஓடு நொறுங்கியது, வெள்ளையும் பாதி பிய்ந்து வந்தது. ஆயா பிடுங்கவில்லை, காத்திருந்தார். "ஆயா, உள்ள மஞ்சா இருக்கு!" "அட, எப்படிப்பா உள்ள போச்சு?" அவன் யோசித்து, தெலுங்கு பாதி தமிழ் பாதியாக ஏதோ ஒரு கதை சொன்னான். காசு வாங்கிக்கொண்டு என் அறையில் நான் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

ஓசூரில் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், கடையில் தமிழ் என்று வளரும் பிள்ளைகள் ஏராளம். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ஆனால் மூன்று வயதாகியும் சின்னச் சின்ன வாக்கியம் வரவில்லை, வெளியாட்களுக்குப் பேச்சு பெரும்பாலும் புரியவில்லை என்றால் 'அப்பா வழியில எல்லாருக்கும் லேட்டுதான்' என்று காத்திருக்காதீர்கள். முதலில் காது பரிசோதனை செய்யுங்கள். அங்கன்வாடிக் குழந்தைகளை வருடத்துக்கு இரண்டு முறை அரசு மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது வந்தார்கள் என்று கேளுங்கள். மாதாமாதம் எடை போட்டு எழுதுகிறார்களா என்றும் பாருங்கள்.

அப்புறம் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பால் பற்கள் விழுந்தபின் முளைக்கும் நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருப்பது இந்த வயதில்தான், ஃப்ளோரைடு கூடினால் அவற்றில் கறை படியும். மையத்தில் குடிக்கவும் சமைக்கவும் பிடிப்பது ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா? சறுக்குமரத்தைவிட இந்தக் கேள்வி முக்கியம் என்பேன்.

டீச்சர்களைக் குறை சொல்லி எழுத எனக்கு மனசில்லை. ஒரே பணியாளர் கர்ப்பிணிகள் பதிவு, வீடு வீடாகக் கணக்கெடுப்பு, போனில் ஏற்றும் விவரம், பல இடங்களில் வாக்காளர் பட்டியல் வேலை வரை பார்க்கிறார். அவர் வெளியே போகும் நாளில் எத்தனை பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மட்டும் தன்மையாகக் கேட்டு வையுங்கள்.

ஷிப்ட் அம்மாக்களுக்கு ஒன்று. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் பால்வாடி ஒத்துவராது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்பது பழைய தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு 2017 மகப்பேறு சட்டத் திருத்தமும் காப்பகம் வேண்டும் என்றது. 2025 நவம்பரில் இவற்றுக்குப் பதிலாக வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் காப்பக விதி இருக்கிறது. எச்.ஆரிடம் தனியாகப் போய்க் கேட்கத் தயக்கமாக இருந்தால், நாலு பேராகச் சேர்ந்து போங்கள்.

அந்த அம்மா ஓட்டுக் கட்டடத்தில்தான் சேர்த்தார். "டைல்ஸ் இல்லையே மேடம்" என்ற குறை அவருக்கு இன்னும் இருக்கிறது. பையன் வீட்டில் முட்டையை யாரையும் உரிக்க விடுவதில்லையாம். சோபாவெல்லாம் ஓடு.