செத்த ஈயோடு படியெடுக்கப்படும் அடிக்குறிப்புகள்

ஏட்டைப் பார்த்துப் படியெடுத்தவர் ஒருவர், மூலத்தின் ஒரு பக்கத்தில் ஈ நசுங்கி ஒட்டியிருப்பதைக் கண்டு, தம் படியிலும் அதே இடத்தில் ஓர் ஈயை அடித்து ஒட்டினாராம். ‘ஈயடிச்சான் காப்பி’ என்ற வழக்கு அப்படி வந்தது என்பார்கள். பல துறை ஆய்விதழ்களை வெளியிடும் பதிப்பகம் ஒன்றில் கட்டுரைகளைச் செம்மைப்படுத்தும் பணியில் இருக்கும் எனக்கு, துணைநூற்பட்டியலைச் சரிபார்க்க உட்காரும்போதெல்லாம் அந்த ஈதான் நினைவுக்கு வருகிறது. ஒருமுறை, ஒருவரையொருவர் அறியாத மூவர் அனுப்பிய மூன்று கட்டுரைகளில், ஒரே பழைய நூலின் 341-ஆம் பக்கம் சான்றாகக் காட்டப்பட்டிருந்தது. நூலை வரவழைத்துப் பார்த்தால், அதில் 300 பக்கங்கள்கூட இல்லை. செய்தி இருந்தது 241-ஆம் பக்கத்தில். தவறான எண் முதலில் அச்சானது, முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ஒரு மீள்பார்வைக் கட்டுரையில். மூவரும் அங்கிருந்துதான் எடுத்திருந்தார்கள். அந்த மீள்பார்வைக் கட்டுரையின் பெயர் மட்டும் மூவர் பட்டியலிலும் இல்லை.

இதைச் சோம்பேறிகள் சிலரின் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. இருபரிமாண அமைப்புகளின் நிலைமாற்றம் குறித்துக் காஸ்டர்லிட்ஸ், தவ்லஸ் இருவரும் 1973-இல் எழுதிய கட்டுரை, 2016-இல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைக்கக் காரணமான ஆய்வுகளில் ஒன்று. அதைச் சுட்டிய ஏறத்தாழ 4,300 மேற்கோள்களைச் சிம்கின், ராய்சவுத்ரி என்ற ஆய்வாளர்கள் இருவர் எடுத்துப் பார்த்தபோது, 196 மேற்கோள்களில் நூல்விவரம் பிழையாக இருந்தது. அந்த 196 பிழைகளும் வெவ்வேறானவை அல்ல, வகைபிரித்தால் 45-தான். தவறான ஒரு பக்க எண் மட்டுமே 78 முறை திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஒரு பிழையை முதன்முதலில் செய்தவர் மூலத்தைப் பார்த்து எழுதுகையில் கை தவறியவராக இருக்கலாம். அதே பிழையைப் பின்னால் செய்தவர் பிறர் பட்டியலைப் பார்த்து எழுதியவராகத்தான் இருக்க முடியும். 45-ஐ 196-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 23 வருகிறது. மேற்கோள் காட்டுவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே மூலத்தைப் படிக்கிறார் என்று அவர்கள் 2003-இல் வெளியிட்ட மதிப்பீடு இப்படிப்பட்ட கணக்கிலிருந்து கிளைத்தது. கட்டுரையை ஒழுங்காகப் படித்துவிட்டு, விவரத்தை மட்டும் வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டியவர்களும் இருப்பார்கள் என்பதால், அந்த விகிதத்தை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அந்த 78-ஐ நினைத்தால் தயக்கம் குறைந்துவிடுகிறது.

மூலத்தைப் பார்ப்பது என்பது எல்லாத் துறைகளிலும் ஒரே வேலை அல்ல. இலக்கியத்திலும் வரலாற்றிலும் முதல் கேள்வி, அந்த ஆவணம் இருக்கிறதா என்பதுதான். 1862-இல் லண்டனில் தஸ்தயெவ்ஸ்கி டிக்கன்ஸைச் சந்தித்ததாகவும், தமக்குள் இரண்டு மனிதர்கள் இருப்பதாக டிக்கன்ஸ் அவரிடம் மனம் திறந்ததாகவும் ஒரு செய்தி, டிக்கன்ஸ் ஆய்வுக்கென்றே நடத்தப்படும் இதழொன்றில் 2002-இல் வெளிவந்தது. இரு பெரும் நாவலாசிரியர்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் காட்சியை யார்தான் விட்டுவிடுவார்கள்? அது வாழ்க்கை வரலாறுகளில் ஏறியது, அங்கிருந்து மதிப்புரைகளுக்குப் போனது. சான்றாகக் காட்டப்பட்டிருந்ததோ, கசக்ஸ்தானிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் இதழில் அச்சான கடிதம். அந்த இதழைத் தேடிய ருஷ்ய இலக்கியப் பேராசிரியர் எரிக் நைமன், அப்படி ஒன்று எங்குமே கிடைக்காததையும், செய்தி முழுவதும் புனைவு என்பதையும் 2013-இல் விரிவாக எழுதிக் காட்டினார். இடைப்பட்ட பத்து ஆண்டுகளிலும் அடிக்குறிப்பு அதே இடத்தில்தான் இருந்தது. அதில் ஒரு பக்க எண்ணும் ஆண்டும் இருந்ததே பலருக்குப் போதுமானதாகிவிட்டது.

சமூக அறிவியலில் ஆவணம் கையிலேயே இருக்கும். பார்க்க வேண்டியது, அதிலுள்ள எண் எப்படிப் பிறந்தது என்பதை. அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய வளர்ந்த நாடுகளில் சராசரி வளர்ச்சி விகிதம் –0.1 விழுக்காடு என்று, ரைன்ஹார்ட், ரோகாஃப் ஆகிய பொருளியலாளர்கள் 2010-இல் எழுதினர். சிக்கன நடவடிக்கைகளை ஆதரித்தவர்கள் அந்த 90 என்ற எல்லையை ஓயாமல் மேற்கோள் காட்டினார்கள். தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பச் செய்து பார்த்தபோது அதே விடை வரவில்லை. கட்டுரையாசிரியர்களிடம் எழுதிக் கேட்டார். அவர்களும் எக்செல் கோப்பை அனுப்பிவைத்தார்கள். சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து நாடுகளின் வரிசைகளை விட்டுவிட்டிருந்தது. நாளிதழ்கள் இந்த எக்செல் பிழையையே பெரிதாக்கினாலும், விடையை உண்மையில் புரட்டியவை சில ஆண்டுகளின் தரவைச் சேர்க்காமல் விட்டதும், எடையிட்ட முறையும்தான். அதிகக் கடன் இருந்த பிரிட்டனின் 19 ஆண்டுகளும் நியூசிலாந்தின் ஒரே ஓர் ஆண்டும் சராசரியில் சம எடை பெற்றிருந்தன. ஹெர்ன்டன் தம் பேராசிரியர்கள் இருவருடன் 2013-இல் வெளியிட்ட திருத்தக் கணக்கில் –0.1 என்பது 2.2 ஆனது. அதனால், கட்டுரையின் சுருக்கத்தில் உள்ள எண்ணை மட்டும் எடுத்தாளும் கையெழுத்துப்படி வந்தால், அந்த எண் எந்த அட்டவணையில் எத்தனை கூறுகளிலிருந்து வந்தது என்று இப்போதெல்லாம் ஆசிரியரிடம் கேட்டு எழுதுகிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

கணித இயற்பியலில் இந்தச் சிக்கல் இருக்காது, நிறுவல் என்றால் நிறுவல்தானே என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது கணிதவியலாளர் ஃபான் நாய்மனின் கதை. குவாண்டம் இயக்கவியலுக்கு அடியில் மறைமாறிகள், அதாவது அளவீட்டின் விடையை முன்கூட்டியே தீர்மானிக்கும் வெளித்தெரியாத அளவுகள், இருக்க முடியாது என்று அவர் 1932-இல் ஒரு நிறுவல் தந்தார். இரண்டு அளவுகளைக் கூட்டியதன் எதிர்பார்ப்பு மதிப்பு (பலமுறை அளந்தால் கிடைக்கும் சராசரி), அவற்றின் தனித்தனி எதிர்பார்ப்பு மதிப்புகளின் கூட்டுத்தொகையே என்ற கருதுகோளை, ஒரே நேரத்தில் அளக்க முடியாத அளவுகளுக்கும் அந்த நிறுவல் விரித்தது. மறைமாறிகளால் வரையறுக்கப்படும் நிலைகளுக்கு அது பொருந்தியே தீர வேண்டிய கட்டாயம் இல்லை. கணிதவியலாளர் எம்மி நோதரின் மாணவியும் மெய்யியலாளருமான கிரேட்டே ஹெர்மான் 1935-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். அதை அநேகமாக யாரும் பொருட்படுத்தவில்லை. 1952-இல் இயற்பியலாளர் டேவிட் போம் மறைமாறிக் கோட்பாடு ஒன்றைக் கட்டியே காட்டினார். அதற்குப் பிறகும், 1966-இல் இயற்பியலாளர் ஜான் பெல் அந்தக் கருதுகோளைத் தனியே பிரித்து விளக்கும்வரை, ‘ஃபான் நாய்மன் நிறுவிவிட்டார்’ என்ற ஒற்றை வரி விவாதங்களை முடித்துவைத்துக்கொண்டிருந்தது. தேற்றத்தின் முடிவை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிடுவது இன்றும் நான் வாரந்தோறும் பார்க்கும் பிழை. இதழில் வெளிவருமுன்பே கட்டுரைகளை ஏற்றும் முன்பதிப்புத் தளங்களில் ஒரே கட்டுரை திருத்தம் பெற்றுப் பல வடிவங்களில் கிடைப்பதால், ‘தேற்றம் 3.2’ என்று எழுதியவர் எந்த வடிவத்தைப் பார்த்தார் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. முதல் வடிவத்தின் 3.2 இறுதி வடிவத்தில் 4.1 ஆகியிருக்கும், சில வேளைகளில் காணாமலே போயிருக்கும்.

சரிபார்ப்பதில் மந்திரம் எதுவும் இல்லை. இணையத்தில் ஒரு கட்டுரைக்குத் தரப்படும் நிலையான அடையாளமான டிஓஐ எண் இருந்தால் முதலில் அதைத் திறந்து, தலைப்பும் ஆசிரியரும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பேன். பிறகு, அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று தேடுவேன்; ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ தொகுத்த, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்தை, டிஓஐ எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு 2023-இல் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டதால் இது சில நொடி வேலை. கடைசியாக, சொல்லப்பட்ட பக்கத்தை எடுத்துப் படிப்பேன். நேரம் பிடிப்பது இதுதான், பெரும்பாலான பிழைகள் பிடிபடுவதும் இதில்தான்.

அண்மைக் காலமாக இன்னொரு வகை ஈயும் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தரும் பட்டியல்களில் ஆசிரியர் பெயர் உண்மையானது, இதழ் உண்மையானது, தொகுதி எண்ணும் நம்பத்தக்கது, தலைப்பும் அவர் எழுதக்கூடிய தலைப்புத்தான். கட்டுரை மட்டும் எழுதப்படவே இல்லை. தலைப்பைத் தேடி ஏமாறுவதைவிட, அந்த இதழின் அந்தத் தொகுதிக்கே போய், சொல்லப்பட்ட பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சென்ற முறை நான் பார்த்தபோது, அந்தப் பக்கங்களில் முற்றிலும் வேறொருவரின் நூல் மதிப்புரை இருந்தது.

மூலம் கிடைக்கவில்லை, கிடைத்தும் மொழி தெரியவில்லை என்ற நிலை எல்லோருக்கும் வரும். அப்போது ‘இன்னார் வழி அறியப்பட்டது’ என்று எழுதி, நீங்கள் உண்மையில் படித்த கட்டுரையைப் பட்டியலில் சேர்த்தால் போதும். அப்படி எழுதினால் மதிப்பாய்வாளர் குறைத்து மதிப்பிடுவார் என்று ஆய்வு மாணவர்கள் பலர் அஞ்சுகிறார்கள். இத்தனை ஆண்டுகளில் அந்தக் காரணத்துக்காக ஒரு கட்டுரை நிராகரிக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. இல்லாத 341-ஆம் பக்கத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவை மூன்று.