மூன்று முறை சொல்லியும் ஏன் இறக்கினார்?

2010 மே 22 காலை துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 8 பேர்தான் பிழைத்தார்கள். மங்களூரில் போல மலைமேல் ஓடுதளம் கட்டினால் இப்படித்தான் ஆகும் என்று இன்றும் சொல்கிறார்கள், ஆனால் 8,000 அடிக்கு மேல் நீளமுள்ள ஓடுதளம் 812 போன்ற போயிங் 737க்குப் போதும், விமானத்திலும் கோளாறு இல்லை. கோளாறு விமானிகள் உட்காரும் காக்பிட்டுக்குள் இருந்தது.

குரல் பதிவில் கிடைத்தது கடைசி இரண்டு மணி நேரச் சொச்சம். அதில் முதல் 1 மணி 40 நிமிடம் விமானிகளுக்குள் பேச்சே இல்லை, கேப்டன் தூக்கம். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் மூளை தெளிய நேரம் பிடிக்கும். கண் விழித்திருக்கும், ஆனால் எடுத்த முடிவை மாற்றிக்கொள்ளும் சுறுசுறுப்பு இருக்காது. போதாக்குறைக்கு மங்களூர் ரேடாரும் பழுது, அதனால் கீழே இறங்கத் தொடங்கியதே தாமதம்.

வழக்கமாக விமானம் சுமார் 3 டிகிரி சரிவில் இறங்கும், அதாவது ஒரு கடல் மைலுக்கு ஏறக்குறைய 300 அடி. தரையை நெருங்குவதற்குள் வேகமும் சரிவும் சரியாக அமையவில்லையென்றால் மறுபடி மேலே ஏறி, சுற்றி வரவேண்டும். இதுதான் கோ அரவுண்ட். கொஞ்சம் எரிபொருள் செலவு, அவ்வளவுதான்.

812 இருக்கவேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் இருந்தது. ரொம்ப உயரம் என்றார் துணை விமானி. கேப்டன் ஆட்டோபைலட்டை விலக்கிவிட்டு நிமிடத்துக்கு 4,000 அடி வேகம் வரை கீழே இறக்கினார். "கோ அரவுண்ட்?" என்று துணை விமானி கேட்டார், ஆமாம், கேள்வியாகத்தான் கேட்டார், பெரியவரிடம் நாமெல்லாம் கேட்பது மாதிரி. கேப்டன் அதற்குப் பதில் சொல்லாமல் வழிகாட்டிக் கருவி தவறு என்கிற மாதிரி ஏதோ சொன்னார். இரண்டாம் முறையும் சொல்லிப் பார்த்தார். தரையைத் தொடும் முன் மூன்றாம் முறை, ஓடுதளம் மிச்சமில்லை என்று தெளிவாகவே சொன்னார். விமானம் தரை தொட்டது ஓடுதளத்தின் தொடக்கத்திலிருந்து 5,200 அடி தாண்டி.

அப்புறம்தான் மோசமான முடிவு. வேகம் குறைக்க எஞ்சின் உந்துவிசையைத் திருப்பி, பிரேக்கும் பிடித்த பிறகு, சில நொடிகளில் கேப்டன் மறுபடி மேலே ஏற முயன்றார். அந்த நிலையில் ஏறக்கூடாது என்பது போயிங் விதி. தொடர்ந்து பிரேக் பிடித்திருந்தால் ஓடுதளத்துக்கு அப்பால் இருந்த கூடுதல் இடத்துக்குள் நின்றிருக்க வாய்ப்பு இருந்தது.

துணை விமானி ஏன் கட்டுப்பாட்டைப் பிடுங்கவில்லை? அவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதே விதிகளில் குழப்பமாக இருந்ததாக விசாரணை அறிக்கை சொல்கிறது. 1978இல் போர்ட்லாந்தில் எரிபொருள் தீர்கிறது என்று உடனிருந்தவர்கள் சொன்னதைக் கேப்டன் காதில் சரியாக வாங்காமல் ஒரு யுனைடெட் விமானம் விழுந்த சில ஆண்டுகளிலேயே, பெரியவரிடம் தயங்கிச் சொல்லும் இந்தப் படிநிலைப் பேச்சைச் சரிசெய்யும் பயிற்சிகள் தொடங்கிவிட்டன. பல நிறுவனங்களில் இரண்டு முறை சொல்லியும் சரியான பதில் வராவிட்டால் கேப்டன் செயலிழந்துவிட்டார் என்றே வைத்துக்கொண்டு துணை விமானி விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். மங்களூரிலோ கேப்டன் பதில் சொன்னார், வேறு எதற்கோ.