பாலில் போட்ட பச்சைக்கல்

முகூர்த்த மாதம் வந்தாலே காரைக்குடியில் கல் சோதிக்கும் என் மேசைக்குப் பச்சைக்கல் பொட்டலங்கள் வரிசையாக வரும். போன வாரம் வந்தது ஒரு அட்டிகை. ‘பர்மா மரகதம்’ என்று பழம்பொருள் கடையில் வாங்கியது. கடைக்காரர் கல்லைப் பாலில் போட்டுக் காட்டினாராம், பால் பச்சையாகிவிட்டதாம், அதனால் அசலாம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உள்ளே உருண்டை உருண்டையாகக் காற்றுக்குமிழ்கள். கண்ணாடி.

இந்தப் பால் சோதனையை ஊருக்குச் சொல்லிக்கொடுத்த மகராசன் யாரோ தெரியவில்லை. ஒளி ஊடுருவும் எந்தப் பச்சைப் பொருளை வெள்ளைப் பாலில் போட்டாலும், அதன் வழியாக வரும் வெளிச்சம் பச்சையாகத்தான் வரும். மரகதமும் அதைச் செய்யும், உடைந்த பாட்டில் சில்லும் செய்யும். இன்னும் கேளுங்கள்: நிறம் வெளிறிய சிறு மரகதத்தைப் போட்டால் பால் பாலாகவே இருக்கும். அதைப் போலி என்று வீசிவிடுவீர்களா? பாலைக் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆச்சி.

குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. மரகதம், கிரேக்கரின் ஸ்மரக்டோஸ், ஆங்கிலத்தின் எமரால்டு எல்லாம் ஒரே கொடியில் காய்த்தவை. அதன் வேர் ‘மின்னுதல்’ என்று பொருள்படும் ஒரு செமிட்டிக் (அரபு, எபிரேயம் போன்ற மொழிகளின் குடும்பம்) சொல் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. கிரேக்கர்கள் பலவகைப் பச்சைக் கற்களையும் அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். இன்றைக்கு நாங்கள் மரகதம் என்று எழுதிக்கொடுப்பது, குரோமியத்தாலோ வனேடியத்தாலோ பச்சையான பெரில் என்ற கனிமத்தை மட்டும்தான். வேடிக்கை என்னவென்றால், பெரில் என்ற சொல்லே வைடூரியத்தின் பிராகிருத வடிவம் கிரேக்கத்துக்குப் போய்த் திரிந்தது. நாமோ இப்போது வைடூரியம் என்றால் பூனைக்கண் கல்லைக் காட்டுகிறோம். அது வேறு கனிமம்.

(உத்தரகோசமங்கை மரகத நடராஜரைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். சாமியை நான் லென்ஸ் வைத்துப் பார்ப்பதில்லை.)

அப்புறம் இந்தப் பர்மா. “எங்க ஐயா பர்மாவுக்கு வியாபாரம் பண்ண, கொண்டுவிக்கப் போனப்போ வாங்கினது” என்று சொன்னால் மறுக்க மாட்டேன், வாங்கியிருப்பார். ஆனால் அங்கே கல் வெட்டியெடுக்கும் மொகோக் பேர்போனது மாணிக்கத்துக்கு. பர்மாவின் பச்சை என்றால் ஜேடு, இல்லாவிட்டால் பெரிடாட். மரகதத்துக்குக் கொலம்பியா, சாம்பியா, பிரேசில், நம் நாட்டில் ராஜஸ்தான். நல்ல ஜேடுக்கும் நல்ல விலை உண்டு. அதை அதன் பெயரில் வைத்துக்கொள்வதில் என்ன குறைச்சல்?

வாங்கும்போது பில்லில் ‘பச்சைக்கல்’ என்று மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இயற்கை மரகதமா, ஆய்வகத்தில் வளர்த்ததா, உள்கீறல் தெரியாமலிருக்க எண்ணெய் ஏற்றியதா என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பெரிய கல், உள்ளே ஒரு கீறல்கூட இல்லை, விலையும் மலிவு என்றால் கட்டாயம் சந்தேகப்படுங்கள். எண்ணெய் ஏற்றுவது தப்பில்லை, மறைத்து விற்பதுதான் தப்பு. அந்த எண்ணெய்க்காகத்தான் சொல்கிறேன்: சுத்தம் செய்ய அல்ட்ராசோனிக் (அதிர்வலை) தொட்டி, நீராவி, கொதிநீர் எதுவும் கூடாது. பத்தர் பற்றவைக்கும் முன் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். வீட்டில் இளஞ்சூட்டுத் தண்ணீர், துளி சோப்பு, மெல்லிய பிரஷ் போதும்.

பழைய நகை என்றால் தயவுசெய்து பங்கு பிரிப்பதற்கு முன்பே காட்டிவிடுங்கள். பிரித்த பிறகு வருகிறீர்கள். அக்காளுக்குப் போனது மரகதம், தங்கச்சிக்குப் போனது கண்ணாடி என்று இருவரையும் எதிரில் உட்காரவைத்து நான் சொல்ல வேண்டியிருக்கிறது.