பீரில் வேகும் பன்றிச் சப்பை

களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையிலுள்ள எங்கள் ஊரில், டிசம்பர் 24ஆம் தேதி இரவு நடுநிசிப் பூசைக்குக் கிளம்பும் முன் எங்கள் அத்தை தவறாமல் ஒரு வேலை செய்வார். அடுப்பில் எரிந்துகொண்டிருக்கும் ரப்பர் விறகை வெளியே இழுத்து அணைத்துவிட்டு, மிஞ்சிய கங்கின் மேல் பன்றிக்கறிச் சட்டியை ஏற்றி, மூடியின் மேலும் நாலைந்து சிரட்டைக் கங்குகளைப் பரப்பிவிட்டுப் போவார். ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் ஓர் ஈர்க்கை ஒடித்துக் கறியில் குத்திப் பார்ப்பார். ஈர்க்கு வளையாமல், பழுத்த வாழைப்பழத்தில் இறங்குவது போல இறங்கினால் கறி வெந்தது என்று பொருள். அவர் கறியில் ஊற்றியது வினிகரும் வெந்நீரும். இன்று நான் அதே கறியைப் பீரில் வேகவைக்கிறேன். சோதனை மட்டும் அதே ஈர்க்குதான்.

பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் மாட்டிறைச்சியையும், ஜெர்மனியின் பவேரியாவில் பன்றி இறைச்சியையும் பீரில் சமைப்பது பழைய வழக்கம். நம் பக்கத்தில் அதைச் செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரு நம்பிக்கையோடு தொடங்குகிறார்கள்: பீர் ஊற்றினால் கறி பஞ்சு போல ஆகிவிடும் என்பது அந்த நம்பிக்கை. கறி பஞ்சாவது உண்மை. ஆனால் அந்த வேலையில் பீரின் பங்கு மிகச் சிறியது. அத்தையின் சட்டியில் பீர் ஒரு துளியும் இல்லாமல் கறி பஞ்சானதே அதற்குச் சான்று. பீர் செய்யும் வேலை வேறு; அதைப் புரிந்துகொள்வதற்கு முன் சப்பைக்கறியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முன்னங்கால் சப்பை ஓய்வறியாத தசை. நின்றாலும் நடந்தாலும், மண்ணை மூக்கால் கிளறினாலும், பன்றியின் முன்பாரம் முழுவதும் அதன் மேல்தான் விழுகிறது. அவ்வளவு உழைக்கும் தசைநார்களைக் கட்டிப் பிடிக்கவும், அவற்றின் இழுவிசையை எலும்புக்குக் கடத்தவும், நார்க் கட்டுகளைச் சுற்றி வெண்மையான சவ்வு அடுக்கடுக்காக ஓடுகிறது. அந்தச் சவ்வின் முதன்மைப் பொருள் கொலாஜன் என்னும் புரதம். மூன்று நீண்ட புரத இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டு நிற்கும் அதன் அமைப்புக்கு, நம் ஊரில் தேங்காய் நாரைத் திரித்துச் செய்யும் முப்புரிக் கயிற்றைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. கயிற்றைப் போலவே இதையும் பல்லால் கடித்து அறுக்க முடியாது. விலங்கின் வயது ஏற ஏற இந்தக் கயிறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகளும் கூடுகின்றன. வயதான பன்றியின் கறி இளம் பன்றியின் கறியைவிட நெடுநேரம் வேக வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

சட்டி சூடேறும்போது கறியில் இரண்டு நிகழ்வுகள் நடக்கின்றன; அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. முதலில் தசைநார்ப் புரதங்கள் இறுகுகின்றன. சுமார் 50 டிகிரி செல்சியஸில் மயோசின் என்னும் புரதம் உருக்குலைகிறது. 65 டிகிரியைத் தாண்டியபின் ஆக்டின் என்னும் புரதமும் உருக்குலைகிறது. 60 டிகிரிக்கு மேல் கொலாஜன் சவ்வும் சுருங்கி, ஈரத் துணியைப் பிழிவது போல நார்களைப் பிழிகிறது. பச்சைக் கறியின் சதையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தண்ணீர். அதில் கணிசமான பகுதி இப்போது வெளியேறுகிறது. அடுப்பேற்றி முக்கால் மணி நேரத்தில் ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்ப்பவர், கறி ரப்பராகிவிட்டதே என்று கலங்குவது இந்தக் கட்டத்தில்தான். வேகாததால் மட்டும் அது கடினமாக இல்லை. வேகத் தொடங்கியதாலேயே கடினமாகியிருக்கிறது.

இரண்டாவது நிகழ்வு மெதுவானது. 70 டிகிரிக்கு மேல், சுற்றிலும் ஈரம் இருக்கும்போது, கொலாஜனின் முப்புரி மெல்ல மெல்ல அவிழ்ந்து தனி இழைகளாகப் பிரிந்து நீரில் கரைகிறது. அப்படிக் கரைந்ததற்குப் பெயர் ஜெலட்டின். ஆட்டுக்கால் சூப் குடித்தபின் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே, அந்தப் பசை இதுதான். நார்களைக் கட்டியிருந்த கயிறு கரைந்துவிட்டதால் அவை தனித்தனியே உதிர்கின்றன. இடையில் ஊறிய ஜெலட்டினும் உருகிய கொழுப்பும் நாவில் ஈரமான உணர்வைத் தருகின்றன. கறி உண்மையில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை இழந்திருக்கும். ஆயினும் வாயில் அது வறண்டதாகத் தோன்றாது. கொழுப்பும் சவ்வும் குறைந்த முதுகுக் கறியை இதே முறையில் மூன்று மணி நேரம் வேகவைத்தால் சக்கைதான் மிஞ்சும். அங்கே கரைந்து கைகொடுக்கக் கொலாஜன் போதிய அளவு இல்லை.

ஆகவே இந்தச் சமையலின் கலை முழுவதும் வெப்பத்தை எங்கே நிறுத்துவது என்பதில் இருக்கிறது. கொலாஜன் நியாயமான நேரத்தில் கரைய வேண்டும்; தசைநார்கள் தேவைக்கு மேல் பிழியப்படவும் கூடாது. அதற்கு ஏற்ற இடம் 85 முதல் 95 டிகிரி வரை. கண்ணால் அறிய வேண்டுமானால், குழம்பின் மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழுந்து உடைய வேண்டும். சட்டி தளதளவென்று கொதித்தால் தீ அதிகம். கனமான துண்டுகளுக்கு இந்த நிலையில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். அத்தையின் கங்கு இதைத் தானாகவே செய்தது: தொடக்கத்தில் சற்று அதிகமாக இருந்த சூடு சாம்பல் பூக்கப் பூக்கத் தணிந்தது, மண்சட்டியின் தடித்த சுவரும் மூடிமேல் கங்கும் அதைச் சீராகப் பரப்பின. வெப்பமானி வாங்கிய பிறகுதான் அந்த ஏற்பாடு எவ்வளவு நுட்பமானது என்பது எனக்கு விளங்கியது.

இனி பீருக்கு வருவோம். புட்டியில் இருப்பதில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். கறியை மிருதுவாக்குவதில் முதல் பங்கு அந்தத் தண்ணீருக்குத்தான். பீரின் காரகாடித்தன்மை (pH) பெரும்பாலும் 4 முதல் 4.5 வரை, அதாவது மெல்லிய புளிப்பு. அமிலத்தில் கொலாஜன் சற்று எளிதாக அவிழும் என்பதால் இதில் சிறிய உதவி உண்டு. வினிகரும் புளியும் தரும் உதவியைவிட அது பெரிதன்று. மற்றபடி, பீரில் வரும் மால்ட் என்னும் முளைகட்டிய தானியத்தின் இனிப்பும், வறுத்த தானியத்தின் மணமும், ஹாப்ஸ் பூவின் கசப்பும் சுவைக்கானவை. அவற்றைக் கையாளத் தெரிந்தால்தான் பீர் ஊற்றியதற்குப் பயன் உண்டு.

மூன்றிலும் அதிகக் கவனம் கேட்பது கசப்பு. பீர் காய்ச்சும்போது ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதியில் உருமாறி, நீரில் கரையும் கசப்புப் பொருள்களாகின்றன. அவை ஆவியாகிப் போவதில்லை. 650 மில்லி பீரைச் சட்டியில் 200 மில்லியாகச் சுண்டவிட்டால், கசப்பும் ஏறத்தாழ மூன்று மடங்கு செறிந்துவிடும். குடிக்கும்போது இதமாகத் தெரிந்த கசப்பு, குழம்பில் வேப்பங்கொழுந்தாக மாறுவது இப்படித்தான். எனவே ஹாப்ஸ் தூக்கலான பீர் இதற்கு ஆகாது. சாதாரண லாகர் பீரோ, மால்ட் மிகுந்த கறுப்பு பீரோ போதும். குழம்பைக் கடைசியில் அதிகம் சுண்டவைக்காமல், நிதானமாக வதக்கிய சின்ன வெங்காயத்தையும், ஒரு நெல்லிக்காய் அளவு கருப்பட்டியையும் சேர்த்தால் கசப்பு பின்வாங்கும். உப்புக்கும் கசப்பை அமுக்கும் ஆற்றல் உண்டு. ஆகவே உப்பு குறைவாகப் போட்ட சட்டியில் பீர் மேலும் கசப்பாகத் தெரியும்.

பீருக்குப் பதில் கள்ளை ஊற்றலாமா என்று கேட்கத் தோன்றும்; எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாறசாலைப் பக்கத்தில் கள்ளுக்கடைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. வேதியியலாக மட்டும் பார்த்தால் கள்ளுக்கும் பீருக்கும் ஒரு தெளிவான வேறுபாடு உண்டு: கள்ளில் ஹாப்ஸ் இல்லை, அதனால் இந்தக் கசப்புச் சிக்கலும் இல்லை, ஆனால் உயிருள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேலை செய்துகொண்டே இருப்பதால் காலையில் இறக்கியது மாலைக்குள் புளிப்பேறி வேறொரு பொருளாகிவிடும். அடைத்த பீர் ஒவ்வொரு முறையும் ஒரே அளவான சுவையைத் தருகிறது.

பீரை ஊற்றுவதற்கு முன் கறியை வாட்டுவது அவசியம். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் 1912இல் விவரித்ததால் மையார் வினை எனப்படும் மாற்றத்தில், புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் இணைந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. இது விரைவாக நடக்கச் சுமார் 140 டிகிரி வேண்டும். தண்ணீரோ 100 டிகிரிக்கு மேல் ஏறவிடாது. அதனால் முதல் நாள் இரவே கிலோவுக்கு 15 கிராம் உப்பைத் தடவி வைத்து, மறுநாள் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, தேங்காய் எண்ணெயில் ஒரு நேரத்துக்கு நாலைந்து துண்டுகள் மட்டும் போட வேண்டும். மொத்தக் கறியையும் கொட்டினால் அது விட்ட தண்ணீரிலேயே வெந்து வெளிறிப்போகும். நன்றாக வாட்டிய துண்டின் மேல் சுட்ட பனங்கிழங்குத் தோலின் நிறம் வந்திருக்கும். சட்டியின் அடியிலும் அதே நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருக்கும். பீரை அந்தச் சூட்டில் ஊற்றியதும் சீறிக்கொண்டு நுரைத்து, மரக்கரண்டியால் சுரண்டச் சுரண்டப் படலம் முழுவதும் கரைந்து குழம்பாகிறது. மையார் வினையைப் புளிப்பு தாமதப்படுத்தும். பீரில் ஊறிய கறியை வாட்டுவதைவிட, வாட்டிய கறியில் பீரை ஊற்றுவது மேல்.

நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி ஒருமுறை இதை குக்கரில் வைத்தேன். பீரைத் திறந்து ஊற்றிய கையோடு மூடிவிட்டேன். கரைந்திருந்த கரியமில வாயு வெளியேற, மால்ட் புரதங்கள் அதை நுரையாகப் பிடித்து நிறுத்த, நுரை மேலேறி வெயிட்டின் வழியாகப் பழுப்பாகச் சுவரில் தெறித்தது. பிறகு விசில் நின்றுபோனது. அடுப்பை அணைத்து, குக்கர் முழுவதும் ஆறிய பிறகு திறந்து பார்த்தால், ஆவித்துளையில் ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு அடைத்திருந்தது. அது ஆபத்தான நிலை. குக்கர்தான் வேண்டும் என்பவர்கள் பீரைத் திறந்த பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு நுரை அடங்கிய பிறகே ஊற்ற வேண்டும். பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. குக்கருக்குள் சுமார் 120 டிகிரி சூட்டில் கொலாஜன் விரைவாகக் கரையும், ஆனால் தசைநார்களும் கூடுதலாகப் பிழியப்படும். அவசரத்துக்கு உதவும், சுவையில் மண்சட்டிக்கு ஈடாகாது.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான விடை சொல்ல வேண்டும். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், ஆகவே சமைத்தால் முழுவதும் போய்விடும் என்பது சரியன்று. தண்ணீரோடு கலந்த ஆல்கஹால் தண்ணீரோடு சேர்ந்தே சிறிது சிறிதாகப் பிரிகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, அரை மணி நேரம் வேகவைத்தபின் ஊற்றியதில் 35 விழுக்காடும், ஒரு மணி நேரத்துக்குப் பின் 25 விழுக்காடும், இரண்டரை மணி நேரத்துக்குப் பின் 5 விழுக்காடும் மிஞ்சுகின்றன. 5 விழுக்காடு ஆல்கஹாலுள்ள 650 மில்லி புட்டியில் சுமார் 32 மில்லி ஆல்கஹால் இருக்கும்; மூன்று மணி நேரச் சமையலுக்குப் பின் முழுச் சட்டியிலும் ஒன்றரை மில்லி அளவு எஞ்சலாம். மூடியை இறுக மூடினால் இன்னும் சற்று அதிகம் தங்கும். என் கருத்தில், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் குடியை விட்டு மீண்டவர்களுக்கும் அத்தையின் வினிகர்ச் சட்டியே ஏற்றது; கறியின் மென்மையில் ஒரு குறையும் வராது.

நாடாப்புழு அச்சத்தால் பன்றியைத் தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அரைவேக்காட்டுக் கறியில் அந்த அச்சம் நியாயமானது. துண்டின் நடுப்பகுதி 71 டிகிரியைத் தாண்டினாலே புழுவின் கூடுகள் அழிந்துவிடும். மூன்று மணி நேரம் 90 டிகிரியில் கிடந்த கறியில் அவை உயிரோடு இருக்க வழியில்லை.

சிறுகிழங்கையோ ஏத்தங்காயையோ சேர்க்க விரும்புபவர்கள் தனியே வேகவைத்துக் கடைசி கால்மணியில் போட வேண்டும். புளியை ஊற்றியபின் காய் வேகாது என்பது நம் அடுக்களைகளில் எல்லோரும் அறிந்தது. காயின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின், அமிலத்தில் எளிதில் கரையாது. பீரின் புளிப்பும் அதே தடையைச் செய்யும்.

அன்றே சாப்பிடுவதைவிட மறுநாள் சாப்பிடுவது நல்லது. கறியைக் குழம்பிலேயே ஆறவிட்டால், வெளியேறிய சாற்றில் ஒரு பகுதியைத் துண்டுகள் திரும்ப இழுத்துக்கொள்ளும். குளிர்சாதனப் பெட்டியில் இரவைக் கழித்த பாத்திரத்தைக் காலையில் திறந்தால் மேலே வெண்ணெய் போலக் கொழுப்பு உறைந்திருக்கும். அதைக் கரண்டியால் தகடாக எடுத்துவிடலாம். அதன் கீழே குழம்பு கட்டியாக நின்று, பாத்திரத்தைத் தட்டினால் அதிரும். முந்தின நாள் சவ்வாக இருந்த கொலாஜன்தான் அது. சூடாக்கினால் சில நிமிடங்களில் இளகி, அவித்த மரச்சீனிக் கிழங்கின் மேல் மெழுகுப் பளபளப்போடு படியும்.