சின்ன இணையச் சேவைக்கு 512 ஐபி முகவரிகள்: விதி என்ன, எப்படிப் பங்கிடுவது?

"தம்பி, கமெரா கடைக்குள்ள வடிவா வேலை செய்யுது. கட்டாரில இருக்கிற மகனுக்குத்தான் திறக்குதில்லை." கல்லடியில் ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னது இது. கமெராக் காட்சியைப் பதியும் பெட்டி பழைய டிவிஆர், நேரடியாக ஐபி முகவரி (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கொடுத்துத் திறப்பது. ரவுட்டரில் வெளிப்பக்க முகவரியைப் பார்த்தேன்: 100.72 என்று தொடங்கியது. கமெராவில் ஒரு பிழையும் இல்லை. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் பொது முகவரிகள் அல்ல. பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. வெளியிலிருந்து வரும் அழைப்பை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அந்தப் பொது முகவரிக்குத் தெரியாது.

ஏன் பகிர வேண்டும்? பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. நமது பிராந்தியத்துக்குப் பங்கிடும் ஏப்நிக் அதே ஏப்ரலில் கடைசிக் கையிருப்பில் கைவைத்தது. இந்தியாவைப் போல இலங்கைக்குத் தனியான தேசியப் பதிவகம் இல்லை. ஆகவே இணையச் சேவையை மட்டக்களப்பில் தொடங்கினாலும் கல்முனையில் தொடங்கினாலும் விண்ணப்பம் நேரே ஏப்நிக்குக்குத்தான் போகும். அதற்கு முன், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இல்லாமல் கேபிள் இழுக்கத் தொடங்காதீர்கள்.

ஏப்நிக்கில் சேரும் புதிய உறுப்பினர் ஒருவர் பெறக்கூடிய உச்ச அளவு 512 முகவரிகள். முன்பு 1,024 ஆக இருந்தது, 2019இல் பாதியாக்கினார்கள். கேட்கும் அளவில் கால்வாசியை உடனடியாகவும் பாதியை ஒரு வருடத்துக்குள்ளும் பயன்படுத்துவீர்கள் என்று காட்ட வேண்டும். 103இல் தொடங்கும் அந்தக் கடைசிக் கையிருப்பிலிருந்து வாங்கியதை ஐந்து வருடத்துக்குக் கைமாற்ற முடியாது. வாங்கி விற்கும் எண்ணம் இருந்தால் இது சரிவராது.

மேலே இருக்கும் பெரிய வழங்குநரிடம் முகவரிகளை வாடகைக்கு எடுக்கலாமே என்று கேட்பார்கள். எடுக்கலாம். ஆனால் நாளை அவரை விட்டு வேறொருவரிடம் போனால் முகவரிகள் அவரிடமே நின்றுவிடும், வாடிக்கையாளர் எல்லோருக்கும் எண் மாற்ற வேண்டி வரும். சொந்த முகவரி இருப்பது அதனால்தான் முக்கியம்.

512 போதுமா? கணக்கைப் பார்ப்போம். ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்டுகள், அதாவது ஒரே முகவரியில் போய்வரும் இணைப்புகளைப் பிரித்தறிய உதவும் எண்கள். முதல் 1,024ஐ விட்டால் 64,512 மிஞ்சும். வீட்டுக்கு 1,008 போர்ட் என்று பிரித்தால் ஒரு முகவரியில் 64 வீடுகள். 100 முகவரியில் 6,400 வீடுகள்! ஆளுக்கு ஆள் போர்ட்டுகளை இப்படி நிலையாகப் பிரித்து வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பொலிஸ் விசாரணை வந்தால், முகவரியும் போர்ட்டும் நேரமும் தந்தால் போதும், எந்த வீடு என்று பார்த்துச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு இணைப்பையும் பதிந்து மலைபோல லொக் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் போர்ட்டை மிக இறுக்கிப் பிடிக்காதீர்கள். பத்துப் பேர் இருக்கும் வீட்டில் மாலையானதும் பக்கங்கள் பாதியில் நிற்கத் தொடங்கும், குறை உங்கள் தொலைபேசிக்கு வரும்.

இதைவிடப் பெரிய ஆறுதல், முகவரிகள் ஏராளமாக உள்ள புதிய முறையான ஐபிவி6. அதில் சேவை வழங்குநருக்கு ஏப்நிக் தரும் குறைந்தபட்சத் தொகுதியே ஒரு /32 (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் சிறிதானால் தொகுதி பெரிது). வீட்டுக்கு ஒரு /56 கொடுத்தால் 1 கோடி 67 லட்சம் வீடுகளுக்குக் காணும். யூடியூப், பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் ஐபிவி6இல் கிடைக்கின்றன. ஐபிவி6ஐ முதல் நாளிலேயே போட்டுவிட்டால் வீட்டுப் பாவனையின் பெரும்பகுதி அதிலேயே போய்விடும், பகிர்ந்த முகவரிகளின் சுமை குறையும். ரவுட்டர் வாங்கும்போது ஐபிவி6 வேலை செய்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். மலிவான பெட்டிகளில் சிலது பெயருக்குத்தான் ஆதரவு தரும்.

அப்புறம் 64 முகவரிகளைத் தனியே எடுத்து வையுங்கள். கமெரா, சேர்வர் வைத்திருக்கும் கடை, அலுவலகங்களுக்குச் சிறு மாதக் கட்டணத்தில் நிலையான பொது முகவரியாகக் கொடுக்கலாம். கல்லடிக் கடைக்காரருக்குத் தேவைப்பட்டது அப்படி ஒன்றுதான். அதைக் கேட்டு வாங்கியதும் மகனுக்குக் கமெரா திறந்தது.