திரைக்கு அப்பால் ‘ம்’ கொட்டுவது எப்படி?

மலேசியாவின் தோட்டப்புற நகரமான சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் கோலாலம்பூரில் மனநல மருத்துவத்தில் முதுநிலை படிக்கிறார். நோயாளிகளிடம் வீடியோ வழியாகப் பேசி உளச்சிகிச்சை அளிக்கத் தனியாகப் பயிற்சி தருகிறார்களாம். “மருந்து கொடுக்கப் படிப்பு வேண்டும், சரி. பேசுவதற்குமா? நாங்களும்தான் சிங்கப்பூர்ப் பேரனோடு தினமும் வீடியோவில் பேசுகிறோம்” என்கிறார்.

பேரனும் நீங்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பீர்கள். இருவரும் நிறுத்துவீர்கள். “நீ சொல்லப்பா”, “இல்லை தாத்தா, நீங்கள் சொல்லுங்கள்” என்று தடுமாறி மறுபடியும் மோதிக்கொள்வீர்கள். உங்கள் கேள்விக்கான பதில் அந்தத் தடுமாற்றத்தில்தான் இருக்கிறது.

திரைவழி மனநல மருத்துவம் நேற்று முளைத்ததல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநலக் கழகம் 1950களின் இறுதியிலேயே இருவழித் தொலைக்காட்சியைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தியது. 1964இல் 112 மைல் தள்ளியிருந்த நார்ஃபோக் அரசு மருத்துவமனையையும் அதில் இணைத்துக்கொண்டது. பிறகு 2020 வந்தது. நம் நாட்டில் மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. நேரில் சந்திக்கும் வழி அடைபட்ட பல நாடுகளில், பயிற்சி மருத்துவர்களுக்கு இதை முறையாகக் கற்றுத்தர வேண்டிய கட்டாயம் பிறந்தது.

சரி, தடுமாற்றத்துக்கு வருவோம். ஒருவர் கேள்வியை முடித்தபின் மற்றவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்? தான்யா ஸ்டிவர்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் பத்து மொழிகளில் இதை அளந்து 2009இல் வெளியிட்டார்கள். சராசரி சுமார் 200 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. இதில் ஒரு விந்தை இருக்கிறது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மூளைக்கு ஏறக்குறைய 600 மில்லி விநாடி பிடிக்கிறது. அப்படியானால் எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்கு முன்பே, அவர் எங்கே முடிப்பார் என்று கணித்து, நம் பதிலை உதட்டு நுனியில் தயாராக வைத்திருக்கிறோம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நாள் முழுக்க இதைச் செய்துகொண்டிருக்கிறோம்!

இணையம் இந்தக் கணிப்பைக் குலைக்கிறது. தூரத்தின் மேல் பழி போடாதீர்கள். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. கோலாலம்பூரிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு அதற்கு ஒன்றிரண்டு மில்லி விநாடி போதும். நேரத்தைத் தின்பவை வேறு. படத்தைச் சுருக்க வேண்டும், விரிக்க வேண்டும். குரல் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வெட்டி அனுப்பப்படுகிறது. அவை முன்பின்னாக வந்து சேரும். வரிசை குலையாமல் ஒலிக்க வேண்டுமே என்று, பின்தங்கியவற்றுக்காகக் கருவி சற்றுக் காத்திருக்கிறது. தோட்டத்து ஓரத்தில் சிக்னல் ஏறி இறங்க, காத்திருப்பும் நீள்கிறது.

விளைவு வேடிக்கையானது, கொஞ்சம் கொடுமையானதும்கூட. ஜெர்மனியில் நடந்த சோதனைகளில், தொலைபேசி இணைப்பைத் தாமதப்படுத்தியபோது மக்கள் இணைப்பைக் குறை சொல்லவில்லை. எதிரில் பேசியவர் கவனம் குறைந்தவர் என்று நினைத்தார்கள். மனச்சோர்வுள்ளவர்களுக்கோ நோயின் காரணமாகவே பதில் தாமதமாகலாம். மருத்துவர் அதை ஓர் அறிகுறியாகக் கவனிக்கிறார். திரையில் தெரியும் அரை விநாடித் தயக்கம் நோயா, லைனா? எளிய வழி ஒன்று உண்டு. முதலில் “சாப்பிட்டீர்களா, மழை பெய்கிறதா?” என்று யோசிக்கத் தேவையில்லாத கேள்விகளைக் கேட்டு, அன்றைய லைனின் தாமதத்தைக் காதில் பதித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் நீள்வதுதான் நோயாளியுடையது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு கனடாவைச் சேர்ந்த ஜேனட் பவேலாஸ் குழுவினருடையது; 2000இல் வெளிவந்தது. மயிரிழையில் தப்பிய ஆபத்தை ஒருவர் விவரிக்க வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். கேட்பவர்கள் சிலருக்கு ரகசியமாக ஒரு வேலை தந்தார்கள்: ஒரு குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ண வேண்டும். எண்ணியவர்களால் சரியான இடத்தில் ‘ம்’ கொட்டவோ ‘ஐயோ’ என்று முகம் சுருக்கவோ முடியவில்லை. கெட்டுப்போனது கதை சொன்னவரின் பேச்சு! உச்சக்கட்டத்தில் சொதப்பினார்கள், முடித்ததையே மறுபடி முடித்தார்கள், இதில் என்ன ஆபத்து என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். கேட்பவரும் சேர்ந்துதான் கதையைச் சொல்கிறார்.

இப்போது வீடியோ செயலியை நினைத்துப் பாருங்கள். மின்விசிறி இரைச்சலை அடக்கும் நிரல், மருத்துவரின் மெல்லிய ‘ம்’மையும் இரைச்சல் என்று விழுங்கிவிடலாம். தப்பி வந்தாலும் அது அடுத்த வாக்கியத்தின் நடுவில் போய் விழும். கணவரைப் பறிகொடுத்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அது குறுக்கீடாகக் கேட்கும். ஆகவே பயிற்சி மருத்துவர் குரலைக் குறைத்துத் தலையசைப்பைக் கூட்டப் பழகுகிறார். இடுப்புக்கு மேல் முழுவதும் தெரிய, கேமராவிலிருந்து சற்றுத் தள்ளி அமர்கிறார். நோயாளியின் முகத்தைக் கேமராவுக்கு நேர் கீழே நகர்த்தி வைக்கிறார். பார்வை சில பாகை கீழே இறங்கினாலும் கண்ணைப் பார்ப்பது போலவே தோன்றும். மௌனத்துக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்: “நான் பேசாமல் இருந்தால் யோசிக்கிறேன் என்று பொருள். லைன் அறுந்தால் நானே அழைப்பேன்.”

மேற்பார்வையாளர் தன் கேமராவை அணைத்துவிட்டு, நோயாளியின் சம்மதத்தோடு அதே அழைப்பில் அமர்ந்திருக்கலாம். அல்லது பதிவைப் பிறகு ஓட்டிப் பார்த்து, “இந்த இடத்தில் ஏன் அவசரப்பட்டீர்கள்?” என்று கேட்கலாம்.

தோட்டப்புறத்துக்கு வேறு சிக்கல்களும் உண்டு. லயன் வீட்டுப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் இருப்பார். நோயாளி காதில் ‘இயர்போன்’ மாட்டிக்கொண்டால் கேள்வியாவது வெளியே கேட்காது. ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேள்வியையும் மாற்றிக் கேட்கலாம். எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யார், ஆபத்து என்றால் யாரை அழைப்பது என்று முதல் நிமிடத்திலேயே கேட்டு எழுதிவைப்பது கட்டாயம். நாட்டின் தேசியச் சுகாதார ஆய்வில் 2019இல் 2.3 விழுக்காடாக இருந்த பெரியவர்களின் மனச்சோர்வு, 2023இல் 4.6 ஆனது. இன்னமும் மனநல மருத்துவமனை இருக்கும் ஊரைச் சொல்லி, “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியதுதான்” என்பது நமக்குக் கேலிப் பேச்சு. சாமியாடியிடம் போகிறவர்களை நான் திட்டப் போவதில்லை. அவராவது முழுதாகக் காது கொடுத்துக் கேட்கிறார். செய்வினை என்று பயமுறுத்தி, மாத்திரையை நிறுத்தச் சொல்லி, ரிங்கிட்டை எண்ணி வாங்குகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

பணம் ஒதுக்குகிறவர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள். ஸ்டிவர்ஸ் அளந்த பத்து மொழிகளில் தமிழ் இல்லை. இரண்டு மைக்கும் ஒரு கணினியும் இருந்தால் நம் பல்கலைக்கழகங்களிலேயே அளந்துவிடலாம். மற்றொன்று, தோட்டப்புற நகரங்களின் அரசு கிளினிக்குகளில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும் உறுதியான இணைய இணைப்பும். பக்கத்து அறையில் தாதி இருப்பார், சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் இருக்க மாட்டார்.