வாசிகசாலை

பொருள்: ஊரார் கூடிப் பத்திரிகையும் சஞ்சிகையும் நூலும் வாசிக்கும் பொது இடம்.

திருகோணமலை நகரில் இருப்பதைப் 'பொது நூலகம்' என்போம். நிலாவெளி, தம்பலகாமம் பக்கம் போனால் சந்தியில் நிற்பது 'வாசிகசாலை'. இரண்டும் ஒன்றுதானே என்று அகராதி பார்த்தவர் சொல்லலாம். கட்டடத்தைப் பார்த்தவர் சொல்லமாட்டார். நூலகம் நூலைக் காக்கக் கட்டுவது: இரவல் பகுதி, உசாத்துணைப் பகுதி, சிறுவர் பகுதி, வெயிலும் உப்புக்காற்றும் படாத இறாக்கைகள். வாசிகசாலைக்கு ஓர் அறை போதும். அரைச்சுவர், மேலே கிறாதி, முன்னால் விறாந்தை, உள்ளே நீள மேசை, இரண்டு வாங்கு. வெளிச்சமும் காற்றும் ஊர்க்கதையும் தடையில்லாமல் உள்ளே வரவேண்டும். சின்னது பெரிதாக வளர்வதும் உண்டு: யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கம் 1933இல் கே. எம். செல்லப்பா தம் வீட்டில் வைத்த சிறு நூலகம். பெரிய கட்டடம் திறந்தது 1959இல்.

சொல் வடமொழி வழிவந்தது. வாக்கிலிருந்து வாசிகம், அதாவது வாயால் நிகழ்வது. செபத்தை வாசிகம், உபாஞ்சு (முணுமுணுப்பது), மானசம் (மனதுக்குள் சொல்வது) என்று பிரிப்பார்கள். பிறர் காதில் விழச் சொல்வது வாசிகம். ஒருவர் உரக்க வாசிக்க, எழுத்தறியாத நாலுபேர் சுற்றியிருந்து பத்திரிகை 'கேட்ட' காலத்துக்கு இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம்! தமிழகத்தில் 'வாசகசாலை' என்ற வடிவமும் வழங்கும். அது வாசகரின் சாலை.

'சாலை' என்றதும் தமிழகத்தார் மனதில் வாகனம் ஓடும். நமக்கு அது வீதி. எங்கள் சாலை கட்டடமாகவே நின்றுவிட்டது: பாடசாலை, வைத்தியசாலை. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ் டிப்போகூடச் 'சாலை'தான்.

தமிழ்ச் சொல்? தமிழகத்தில் 'படிப்பகம்' என்று வைத்தார்கள். இங்கே சோதினைக்குப் படிப்போம், பாட்டுப் படிப்போம், பேப்பரை வாசிப்போம். படிப்பகம் என்று பலகை மாட்டினால், ரியூசன் என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். 'நூலகம்' நல்ல தமிழ், ஆனால் வேறு பொருள். என் தெரிவு 'வாசிப்பகம்': வினை நாவில் பழகியது, ஈறு தமிழ்.

பெயரைத் தூய்மையாக்க எழுபவர் எழும் வாங்கு போர்த்துக்கேயச் சொல். விறாந்தையும் அலுமாரியும் அப்படியே. வாங்குக்கு 'விசிப்பலகை', விறாந்தைக்குத் 'தாழ்வாரம்', அலுமாரிக்கு 'நிலைப்பேழை' உண்டு.